சக ஆசிரியருக்குக் கணினி சொல்லித்தரும்போது சிக்குகிற இடங்கள்

கருத்தாளர், அறிவியல்
குறுவள மையத்தில் (சுற்றுப்புறப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் இடம்) ஒரு நாள் பயிற்சி என்றால் பாதி நேரத்தை லாகினே தின்றுவிடும். ஓடிபி பழைய நம்பருக்குப் போகும். மகன் போட்டுக்கொடுத்த ஜிமெயில் எது என்பதே தெரியாது. கூகுள் ஃபார்மில் வினாடிவினா தயாரிப்பது பாடம் என்றால், மூன்று நாள் முன்பே வாட்ஸ்அப் குழுவில் "ஜிமெயிலுக்குள் போய் ஸ்கிரீன்ஷாட் போடுங்கள்" என்று கேட்டுவிட வேண்டும். அனுப்பாதவர்களை மட்டும் அன்று காலை அரை மணி நேரம் முன்னதாக வரச் சொன்னால் போதும்.

30 பேருக்கு 15 லேப்டாப் போதும். பழகாதவர் கையில் மவுஸ். பழகியவர் வாயால் மட்டும் வழி சொல்ல வேண்டும். கருத்தாளர், அதாவது பயிற்சி நடத்துபவர், மவுஸைத் தொடவே கூடாது. "கொடுங்க டீச்சர், நான் போட்டுத் தர்றேன்" என்று வாங்கினால் வேலை முடிந்துவிடும், ஆனால் திங்கட்கிழமை வகுப்பில் அவருக்கு எதுவும் நினைவிருக்காது. இருபத்தைந்து வருட சர்வீஸ் உள்ளவரையும் புதிதாகச் சேர்ந்தவரையும் ஜோடி சேர்க்காதீர்கள். மூத்தவர் சந்தேகமே கேட்க மாட்டார்.

ஸ்மார்ட் போர்டு பொறுப்பு
"படம் வருது சார், தொட்டா ஒண்ணும் ஆகல." அடிக்கடி வரும் புகார் இது. ஹெச்டிஎம்ஐ கேபிள் படத்தைக் கொண்டுபோகிறது, தொடுகையைத் திருப்பிக் கொண்டுவருவது யுஎஸ்பி கேபிள். இரண்டும் லேப்டாப்பில் இருக்க வேண்டும். பயிற்சியில் இரண்டையும் பிடுங்கிக் கொடுத்து, ஒவ்வொருவரையும் ஒரு முறை மாட்ட வையுங்கள். படமே வரவில்லையென்றால் விண்டோஸ் விசையோடு பி அழுத்தி 'டூப்ளிகேட்' தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் வந்துவிடும்.

யாரும் தொடாமலே போர்டு கிறுக்கினால் பேய் பிசாசு இல்லை. அகச்சிவப்புக் கதிரால் இயங்கும் போர்டின் சட்டத்தில் சாக்பீஸ் தூளோ பூச்சியோ உட்கார்ந்திருக்கும். உலர்ந்த துணியால் நான்கு ஓரமும் துடைத்தால் சரியாகும். சேலைத் தலைப்பு உரசினாலும் இதே கதைதான். புரொஜெக்டரோடு சேர்ந்த போர்டில் விரல் ஓரிடம், கோடு ஓரிடம் என்றால் புரொஜெக்டர் நகர்ந்திருக்கிறது. கேலிபரேஷன் (தொடும் இடத்தையும் படத்தையும் பொருத்துவது) மறுபடி செய்ய வேண்டும்.

தமிழாசிரியை
எழுத்துருவைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த வினாத்தாள் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். அச்செடுக்க மட்டும் என்றால் பிடிஎஃப் ஆக்கி அனுப்பலாம். திருத்த வேண்டுமென்றால் யூனிகோடுக்கு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறை) மாற்றித்தான் ஆக வேண்டும். இனி அடிப்பதையாவது யூனிகோடில் அடிக்கச் சொல்லுங்கள்.

தமிழ்99 விசைப்பலகை அரை மணி நேரத்தில் பிடிபடும். உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம். 'தம்பி' என்பதற்கு த, ம, ப, இ என நான்கு தட்டு. புள்ளி தானாக விழும். எல்லோரும் தடுமாறுவது 'பப்பாளி'யில். ப, ப என்று தட்டியதுமே 'ப்ப' ஆகிவிடும். முதல் ப-வுக்குப் பின் அ தட்டி நிறுத்த வேண்டும்: ப, அ, ப, ப, ஆ, ள, இ. இந்த ஒரு சொல்லைப் பத்து முறை அடிக்கவைத்தால் விதி விரலுக்கு வந்துவிடும்.

கருத்தாளர், அறிவியல்
டீச்சர் சொன்ன பப்பாளி நல்ல சொல், எடுத்துக்கொள்கிறேன்.

நெட் பற்றி ஒன்று. முப்பது போனும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் பாடநூலின் க்யூஆர் கோடு வீடியோவைத் திறந்தால் ஒன்றும் ஓடாது. தீக்‌ஷாவில் (அரசின் பாடச் செயலி) வேண்டிய பாடத்தை முந்தின நாளே டவுன்லோடு செய்து வரச் சொல்லுங்கள். மின்சுற்றுப் பாடத்துக்கு கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் சிமுலேஷன் (கணினியிலேயே செய்து பார்க்கும் மாதிரிச் சோதனை) இருக்கிறது. ஹெச்டிஎம்எல் கோப்பாக இறக்கி பென்டிரைவில் வைத்தால் நெட் இல்லாமலே பிரவுசரில் திறக்கும். ஆனால் அந்தப் பென்டிரைவை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துச் சுற்றவிடாதீர்கள், பதினைந்து லேப்டாப்பையும் சுற்றி வரும்போது வைரஸும் கூடவே வரும். மறுநாள் கோப்பெல்லாம் ஷார்ட்கட்டாகத் தெரியும்.

ஸ்மார்ட் போர்டு பொறுப்பு
ஹெச்டிஎம்ஐ மாட்டியதும் லேப்டாப் சத்தம் நின்றுவிடுகிறது என்று கேட்பார்கள். சத்தம் போர்டுக்குப் போயிருக்கும். டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் குறியை அழுத்தி மாற்றிவிடலாம்.