கணவன் மனைவியாகப் போய்வந்த பயிற்சிகள்: புதுச்சேரி, கடலூர்க்காரர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

லாசுப்பேட்டை ஆசிரியை:

கத்தோலிக்கக் கோயில் வழியாகத் தம்பதிகளுக்கு நடக்கும் மேரேஜ் என்கவுன்டர் என்ற வார இறுதிப் பயிற்சியில் உள்ளே என்னதான் செய்வார்கள் என்று எங்கள் அன்பியத்தில் (அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடும் ஜெபக் குழு) பலர் கேட்டுவிட்டார்கள். போய்வந்தவள் என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். நீங்கள் எந்த மதமானாலும் சரி, இருவரும் சேர்ந்து போன நிகழ்ச்சி ஏதாவது இருந்தால் கீழே சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனால் ஞாயிறு மாலைதான் திரும்ப முடியும். பிள்ளைகளை மாமியார் பார்த்துக்கொண்டார். சில தம்பதிகளும் ஒரு ஃபாதரும் சேர்ந்து நடத்தினார்கள். அவர்கள் புத்திமதி சொல்லவில்லை. தங்கள் வீட்டில் நடந்ததை எழுதிவைத்து வாசித்தார்கள். கடன் வாங்கியதை மனைவியிடம் மறைத்தது, மாமனார் படுக்கையில் கிடந்த காலத்தில் இருவரும் பேசாமலே இருந்தது, இப்படி. நடத்துகிறவர்களே முதலில் தங்கள் வீட்டுக் கதவைத் திறந்து வைத்ததால் எங்களுக்குக் கூச்சம் குறைந்தது.

ஒவ்வொரு பேச்சுக்கும் பிறகு ஒரு கேள்வி கொடுப்பார்கள். கணவர் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம் போய் உட்கார்ந்து நோட்டில் கடிதம் எழுத வேண்டும். எழுதி முடித்ததும் நோட்டை மாற்றிக்கொண்டு இரண்டு தடவை படிக்க வேண்டும். முதல் தடவை எழுதியிருப்பது என்ன என்று புரிவதற்கு, அடுத்த தடவை எழுதியவர் மனசு புரிவதற்கு. அப்புறம்தான் பேச்சு. வீட்டுக்கு வந்த பிறகும் தினமும் பத்து நிமிடம் எழுத்து, பத்து நிமிடம் பேச்சு என்று தொடரச் சொன்னார்கள். கூட்டத்தில் எழுந்து நின்று நம் குடும்ப விஷயத்தைச் சொல்ல வேண்டியதே இல்லை. நோட்டை வேறு யாரும் பார்க்கவும் மாட்டார்கள். பலர் வரத் தயங்குவது இதனால்தான், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

உணர்ச்சியில் சரி, தப்பு கிடையாது என்பது அங்கே முக்கியமான விதி. "நீங்களும் அத்தையும் பேசிக்கொண்டிருக்கும்போது நான் வெளியாள் மாதிரி இருக்கிறது" என்று எழுதலாம். "உங்கள் அம்மா சரியில்லை" என்று எழுதக் கூடாது. மாதக் கடைசியில் பால் காசு கேட்டால் என் கணவர் முகம் சுருங்கும். எனக்கு அது கோபமாகத்தான் தெரிந்தது. தன்னால் முடியவில்லையே என்ற அவமானம் அது என்று அவர் எழுதியிருந்தார். நேருக்கு நேர் பேசியிருந்தால் அந்த வரி அவர் வாயிலிருந்து வந்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

ஸ்பெயின் நாட்டு குரு கபிரியேல் கால்வோ 1952இல் தம்பதிகளுக்காக நடத்த ஆரம்பித்த கூட்டங்களிலிருந்து வளர்ந்தது இது. 1962இல் பார்சலோனாவில் 28 தம்பதிகளோடு முதல் வார இறுதி நடந்தது. பிறகு அமெரிக்கா போய், அங்கிருந்து பல நாடுகளுக்குப் பரவியது.

கடலூர் முதுநகர்:

நல்ல பதிவு சகோதரி. நான் கல்யாணத்துக்கு முந்தைய திருமணத் தயாரிப்பு வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன். என் மகளும் மருமகனும் போனார்கள். அந்தச் சான்றிதழ் இல்லாமல் கோயிலில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்க மாட்டார்கள் என்பதால் எல்லோரும் போகிறார்கள். ஆனால் பாதிப் பேர் சான்றிதழுக்காகவே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்து நேராக வந்த பையன் தூங்கி விழுந்தான் என்று மகள் சொன்னாள். அவனைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

டாக்டர் வந்து பேசினார், வக்கீல் பேசினார். மகளுக்கு உதவியது அதெல்லாம் இல்லை. ஒரு தம்பதி கொடுத்த கேள்வித்தாள்தான். இரண்டு பேர் சம்பளமும் எங்கே போகும்? தங்கை கல்யாணக் கடன் யார் பொறுப்பு? குழந்தை பிறந்தால் யார் வேலையை விடுவது, அல்லது விடத்தான் வேண்டுமா? தனித்தனியாக எழுதிவிட்டு ஒப்பிட்டுப் பார்த்தார்களாம். கடன் விஷயத்தில் இருவர் பதிலும் நேர்மாறாக இருந்ததால், மருமகன் அவர் வீட்டில் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டுத்தான் வந்தார். இந்த வகுப்பைப் பத்திரிகை அடிப்பதற்கு முன்பே, முடிந்தால் நிச்சயதார்த்தத்துக்கு முன்பே வைக்க வேண்டும் என்று எங்கள் பங்குக் கோயிலில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பத்திரிகை கொடுத்து முடித்த பிறகு எந்தப் பெண் வாயைத் திறப்பாள்?

திருப்பாதிரிப்புலியூர், ஓய்வு பெற்றவர்:

வணக்கம். நாங்கள் வேதாத்திரி மகரிஷியின் தியான, யோகப் பயிற்சி நடக்கும் மனவளக்கலை மன்றத்துக்குப் போகிறவர்கள். மகரிஷி தம் மனைவி லோகாம்பாள் அம்மையாரின் பிறந்த நாளான ஆகஸ்ட் 30ஐ மனைவி நல வேட்பு நாளாக வைத்தார். மன்றங்களில் தம்பதிகளை எதிரெதிரே உட்கார வைப்பார்கள். கணவர் மனைவிக்கு மலர் கொடுப்பார், மனைவி கணவருக்குக் கனி கொடுப்பார். பிறகு இருவரும் சேர்ந்து தவம், வாழ்த்து.

என் மனைவிக்குப் பூ வாங்கிக் கொடுப்பது எனக்குப் புதிதில்லை. பாடலீஸ்வரர் கோயில் வாசலில் எத்தனையோ முறை வாங்கியிருக்கிறேன். நாலு பேர் பார்க்க அவள் கண்ணைப் பார்த்து வாழ்த்தியது அன்றுதான். எங்களுக்கு அப்போதே பேரன் பிறந்துவிட்டான். பக்கத்தில் ஒரு பெரியவர் மலரைக் கொடுத்துவிட்டுச் சத்தமாக அழுதார், யாரும் அவரைத் தடுக்கவில்லை.

லாசுப்பேட்டை சகோதரி எழுதியதைப் படித்ததும் எங்கள் அகத்தாய்வுப் பயிற்சி ஞாபகம் வந்தது. அதில் சினம் தவிர்த்தல் என்று ஒரு பகுதி உண்டு. நமக்கு யார் யார் மேல் கோபம் வருகிறது என்று பட்டியல் எழுத வேண்டும். பெரும்பாலானவர்கள் தாளில் முதல் பெயர் கூடவே வாழ்கிறவருடையதாகத்தான் இருக்கும். பிறகு ஒவ்வொரு கோபத்துக்கும் காரணம் எழுத வேண்டும். காப்பி ஆறிப்போனது, சாவியை இடம் மாற்றி வைத்தது என்று எழுத எழுத, இதற்கா இத்தனை சத்தம் என்று நமக்கே தெரிந்துவிடும். ஆண்டுக்கு ஒரு நாள் மலர் போதாது, இந்தத் தாள் வேலைதான் வீட்டில் நிற்கிறது என்பாள் என் மனைவி. எனக்கும் அதே கருத்து.

வில்லியனூர்:

எல்லாம் சரி. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அடி வாங்குகிற பெண்ணை இந்த மாதிரிப் பயிற்சிக்கு அனுப்பாதீர்கள். என் அக்காவை வீட்டுப் பெரியவர்கள் மூன்று தடவை உட்கார வைத்துப் பேசினார்கள். ஒவ்வொரு தடவையும் முடிவு ஒன்றுதான்: "கொஞ்சம் பொறுத்துப் போம்மா." அவள் கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

அவள் மனதில் இருப்பதை நோட்டில் எழுதி அவரிடம் கொடுத்திருந்தால் அன்று ராத்திரி என்ன நடந்திருக்கும்? பயம் இருக்கிற வீட்டில் மனம் திறக்கவே முடியாது. அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பு. பெண்கள் உதவி எண் 181க்குப் போன் செய்யலாம், பாதிக்கப்பட்ட பெண்களுக்கு உதவும் அரசின் சகி மையத்துக்குப் போகலாம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்க 2005லேயே சட்டம் வந்துவிட்டது. அதன்படி பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுக்கலாம், அதே வீட்டில் தங்கும் உரிமையையும் நீதிமன்றத்தில் கேட்கலாம். அக்கா இப்போது நன்றாக இருக்கிறாள், தனியாக.

லாசுப்பேட்டை ஆசிரியை:

வில்லியனூர் தங்கச்சி, நீங்கள் எழுதியது இந்தப் பக்கத்தில் கட்டாயம் இருக்க வேண்டியது. மேரேஜ் என்கவுன்டர் சிகிச்சையோ கவுன்சலிங்கோ இல்லை என்று நடத்துகிறவர்களே சொல்கிறார்கள். ஓரளவு நன்றாக இருக்கிற தம்பதிகள் இன்னும் நெருங்குவதற்குத்தான் அது. அக்காவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

பரங்கிப்பேட்டை:

எங்கள் பக்கம் பிரச்சினை வந்தால் ஜமாஅத்துக்குத்தான் முதலில் போவோம். கணவன் குடும்பத்திலிருந்து ஒருவர், மனைவி குடும்பத்திலிருந்து ஒருவர் என்று நடுவர்களை வைக்கச் சொல்லி குர்ஆனிலேயே (4:35) இருக்கிறது. என் தம்பி விஷயத்தில் அந்த இருவரும் முதலில் தம்பியையும் அவன் மனைவியையும் தனித்தனியாகப் பார்த்து, குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டார்கள். மச்சி (தம்பி மனைவி) சொன்னதைக் கேட்க அவர் பக்கத்துப் பெரியம்மா ஒருவரையும் கூட வைத்துக்கொண்டார்கள். பெண் ஒருவர் கூட இருந்ததால்தான் அவர் பேசினார். இதை எல்லா ஊரிலும் செய்ய வேண்டும்.

மஞ்சக்குப்பம்:

அக்கா, என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். லீவில் வந்தால் சொந்தக்காரர் வீடு, திருவந்திபுரம் கோயில், கல்யாணங்கள் என்று நாள் ஓடிவிடுகிறது. வார இறுதி முழுக்க ஒரு பயிற்சிக்கு அவரைக் கூட்டிப்போவது நடக்காது. தினமும் போனில் பேசுகிறோம். பேச்சு முழுக்கப் பள்ளிக்கூடக் கட்டணம், வீட்டு வேலை, மேஸ்திரி இவைதான். எங்களுக்கு வழி இருக்கிறதா?

லாசுப்பேட்டை ஆசிரியை:

இருக்கிறது தங்கச்சி. எங்களோடு வந்த ஒரு தம்பதியில் கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். அவர்கள் வாரத்தில் ஒரு நாள் குறித்துக்கொள்கிறார்கள். ஒரே கேள்விக்கு இருவரும் தாளில் எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். இரண்டு தடவை படித்த பிறகுதான் போன். அந்த போனில் மேஸ்திரி பேச்சு வரக் கூடாது, அதற்கு வேறு நாள். டைப் செய்வதைவிடக் கையால் எழுதுவது நல்லது என்று அந்த அம்மா சொன்னார். அடித்துத் திருத்தியதும் தெரியுமாம்.

ஆரம்பத்திலேயே பணத்தையும் மாமியாரையும் எடுக்காதீர்கள். "இந்த வாரம் எந்த நேரத்தில் நான் பக்கத்தில் இருந்திருக்கலாம் என்று நினைத்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். சில வாரம் போன பிறகு கஷ்டமான கேள்விக்கு வரலாம். அவர் இரண்டு வரிதான் எழுதினாலும் விட்டுவிடாதீர்கள், என் கணவரும் முதலில் இரண்டு வரிதான் எழுதினார்.

அவர் நீண்ட லீவில் வரும்போது முழுப் பயிற்சிக்குப் போக விருப்பம் இருந்தால், பக்கத்துப் பங்குக் கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரியுங்கள். கிறிஸ்தவர்களாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, எங்கள் குழுவிலேயே இந்துத் தம்பதிகள் இருந்தார்கள்.