6.8 கிலோ பூனைக்கு என்ன சாப்பாடு வாங்குவது? உதவுங்கள்

கருப்பன்வீடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக் கருப்பனுக்கு ஐந்து வயது, நாட்டுப் பூனை, ஆண். எட்டாவது மாதத்தில் கருத்தடை ஆபரேஷன் செய்தோம், அதற்கப்புறம்தான் ஊத ஆரம்பித்தான். போன வாரம் தடுப்பூசிக்குக் கொண்டுபோனபோது எடை 6.8 கிலோ காட்டியது. 5 கிலோவுக்குக் கொண்டுவர வேண்டும், சாப்பாட்டைக் குறையுங்கள் என்றார் டாக்டர். வெளியே ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள், எதைக் குறைப்பது, எவ்வளவு குறைப்பது என்று கேட்காமலே வந்துவிட்டேன்.

இப்போது அவன் சாப்பிடுவது இதுதான். டிரை ஃபுட் கிண்ணத்தில் எப்போதும் இருக்கும், காலியானால் நிரப்புவோம். காலையில் காபிக்குப் பால் காய்ச்சும்போதே அம்மா அவனுக்கு அரை டம்ளர் எடுத்து ஆற வைத்துவிடுவார். மீன் வாங்கும் நாளில் தலையும் வாலும் அவித்து அவனுக்கு. ஏழு மாதக் குட்டி ஒன்றும் வீட்டில் இருக்கிறது, செம்பி, அவளுக்குத் தனியாகக் கிட்டன் ஃபுட் வாங்குகிறோம், அதையும் இவன் போய் முடித்துவிடுகிறான்.

முன்பெல்லாம் ஒரே தாவலில் ஜன்னல் திண்டுக்குப் போய்விடுவான். இப்போது கீழே நின்று மேலே பார்த்துக் கத்துகிறான், யாராவது தூக்கி வைக்க வேண்டும். முதுகின் பின்பக்கம் நாக்கு எட்டாமல் முடி சிக்குப் பிடித்திருக்கிறது. பார்க்கவே மனசு கேட்கவில்லை.

கடையில் லைட் என்கிறார்கள், இன்டோர் என்கிறார்கள், வெயிட் கன்ட்ரோல், கிரெயின் ஃப்ரீ என்று என்னென்னவோ இருக்கிறது. எதை வாங்குவது? முழுக்க வெட் ஃபுட்டுக்கு மாறிவிடலாமா? கருப்பனுக்கு மட்டும் மாதம் 3000, 3500 வரை செலவழிக்க முடியும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் இராச் சாப்பாட்டை நிறுத்தினால் சீக்கிரம் இறங்குமா?

---

மாடிப்படி_மியாவ் எழுதியது:

எந்தப் பை வாங்குவது என்பதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு சமையலறைத் தராசு வாங்குங்கள், நானூறு ஐநூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. எங்கள் மீனு 7.2 கிலோவிலிருந்து 5.1 கிலோவுக்கு வர பதினோரு மாதம் ஆயிற்று. அதில் முதல் மூன்று மாதம் வீணாய்ப் போனதற்குக் காரணம் கப்பால் அளந்ததுதான். நான் அளந்தால் 40 கிராம், என் கணவர் அதே கப்பில் அளந்தால் 55 கிராம். மனிதருக்கு 15 கிராம் ஒன்றுமே இல்லை, பூனைக்கு அது ஒரு வேளைச் சாப்பாடு.

ஒரு வாரம் எதையும் மாற்றாமல், உள்ளே போவதையெல்லாம் எழுதி வையுங்கள், அம்மா கொடுக்கும் பால் உட்பட. எழுதிப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

---

கால்நடை_வாசுகி எழுதியது:

நான் கால்நடை மருத்துவர், பன்னிரண்டு வருடமாக நாய் பூனைதான் பார்க்கிறேன். கருப்பனை நேரில் பார்க்காமல் சொல்கிறேன், அதனால் ஆரம்பிக்கும் முன் உங்கள் டாக்டரிடம் ஒரு ரத்தப் பரிசோதனைக்குக் கேளுங்கள். பருத்த பூனைகளுக்குச் சர்க்கரை நோய் வர வாய்ப்பு அதிகம், அது இருந்தால் கணக்கே மாறும்.

கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன், அதுதான் ஆபத்தானது. பட்டினி போடவே போடாதீர்கள். பூனை உடம்பு நம்முடையது போல இல்லை. பருத்த பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால், உடம்பிலுள்ள கொழுப்பு மொத்தமாகக் கல்லீரலுக்கு வந்து குவியும், கல்லீரலால் அதைக் கையாள முடியாமல் மஞ்சள் காமாலை வந்துவிடும். கவனிக்காவிட்டால் உயிரே போகும். ஒரு வேளையில் அப்படி ஆகாது என்றாலும், ஒரு வேளையை நிறுத்தினால் அடுத்த வேளை அவன் செம்பியின் கிண்ணத்தைத் தேடுவானே தவிர எடை இறங்காது.

இப்போது கணக்கு. 5 கிலோ என்பது இலக்கு. ஓய்வில் இருக்கும் 5 கிலோ பூனைக்கு நாளுக்குச் சுமார் 234 கலோரி தேவை. எடை குறைய அதில் எண்பது சதவீதம், அதாவது 190 கலோரிக்குப் பக்கம். இது ஆரம்பம்தான், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை பார்த்து ஐந்தோ பத்தோ சதவீதம் கூட்டிக் குறைக்க வேண்டியிருக்கும். வாரத்துக்கு உடல் எடையில் ஒரு சதவீதம் இறங்கினால் சரியான வேகம், கருப்பனுக்கு அது 60, 70 கிராம். இரண்டு சதவீதத்தைத் தாண்டினால் வேகம் அதிகம், நிறுத்தி யோசிக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 1.8 கிலோ இறங்க ஆறேழு மாதமாவது ஆகும். ஊத நாலு வருடம் எடுத்துக்கொண்ட உடம்பு இது, ஒரு மாதத்தில் இறங்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அம்மாவின் பாலுக்கு வருகிறேன். நூறு மில்லி சாதாரணப் பாலில் 65 கலோரி இருக்கிறது, கொழுப்பு அதிகமுள்ள பாக்கெட் பால் என்றால் 85க்கு மேல். அதாவது அரை டம்ளர் பாலிலேயே அவனுடைய ஒரு நாள் கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடுகிறது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதும் இல்லை. இந்த ஒன்றை நிறுத்தினாலே பெரிய மாற்றம் தெரியும்.

டிரை ஃபுட் பெரும்பாலும் 100 கிராமுக்கு 330 முதல் 400 கலோரி. 80 கிராம் வெட் ஃபுட் பவுச் ஒன்றில் பெரும்பாலும் 50 முதல் 70தான், ஏனென்றால் அதில் எண்பது சதவீதம் தண்ணீர். வயிறு நிறையும், தண்ணீரும் உள்ளே போகும். ஆண் பூனை, அதுவும் பருத்தது, டிரை மட்டும் தின்று தண்ணீர் சரியாகக் குடிக்காமல் சிறுநீர் அடைத்துக்கொண்டு வருவதை அடிக்கடி பார்க்கிறேன். அதனால் நாளுக்கு இரண்டு பவுச், கூடவே 20 கிராம் டிரை என்று ஆரம்பிக்கலாம், 190க்குப் பக்கம் வந்துவிடும். பவுச் வாங்கும்போது கம்ப்ளீட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். கிரேவி மட்டும், டூனா மட்டும் உள்ளவை பல வெறும் தொடுகறி மாதிரி, அதையே முழு உணவாகக் கொடுக்கக் கூடாது.

இன்னொன்று. சாதாரணத் தீனியையே ரொம்பக் குறைத்துக் கொடுத்தால் புரதமும் வைட்டமினும் சேர்ந்து குறைந்துவிடும். ஆறு வாரத்தில் எடை அசையவில்லை என்றால் இன்னும் குறைக்காமல், டாக்டரைக் கேட்டு எடை குறைப்புக்கென்றே செய்த உணவுக்கு மாறுங்கள். ராயல் கேனினில் சாட்டயட்டி, ஹில்ஸில் மெட்டபாலிக் என்று இருக்கின்றன. விலை அதிகம்தான், ஆனால் குறைந்த கலோரிக்குள் எல்லாச் சத்தும் வருகிற மாதிரி செய்தவை.

---

சேலம்_பூனைப்பிரியன் எழுதியது:

பைகளின் பெயர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கிரெயின் ஃப்ரீ என்றால் கலோரி குறைவு என்று அர்த்தம் இல்லை. அரிசி, சோளத்துக்குப் பதில் உருளைக்கிழங்கோ பட்டாணியோ போட்டிருப்பார்கள், சிலவற்றில் கொழுப்பு 18, 20 சதவீதம் வரை இருக்கிறது. முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் படியுங்கள். கலோரி போடாத பைகளும் உண்டு, அப்போது நான் இப்படிக் கணக்குப் போடுவேன்: புரதம், கொழுப்பு, நார், ஈரப்பதம், சாம்பல் (தாது உப்புகளைத்தான் பையில் அப்படிப் போடுவார்கள்) எல்லாவற்றையும் கூட்டி நூறிலிருந்து கழித்தால் மிஞ்சுவது மாவுச்சத்து. சாம்பல் அளவு போடவில்லை என்றால் எட்டு என்று வைத்துக்கொள்வேன். புரதத்தையும் மாவுச்சத்தையும் தனித்தனியே 3.5ஆல் பெருக்கி, கொழுப்பை 8.5ஆல் பெருக்கிக் கூட்டினால் 100 கிராமுக்கான கலோரி வரும். உதாரணத்துக்குப் புரதம் 30, கொழுப்பு 10, நார் 4, ஈரம் 10, சாம்பல் 8 என்றால் மாவுச்சத்து 38, மொத்தம் 323 கலோரி. இரண்டு பைகளை இப்படிப் போட்டுப் பாருங்கள், லைட் என்று எழுதியதற்கும் எழுதாததற்கும் சில சமயம் முப்பது கலோரிகூட வித்தியாசம் இருக்காது.

---

அண்ணாநகர்_ரோஜா எழுதியது:

வாசுகி மேடம் சொன்ன கல்லீரல் விஷயத்தை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் வீட்டில் நடந்தது. பழைய சாப்பாட்டை ஒரே நாளில் நிறுத்திவிட்டுப் புது டயட் உணவை வைத்தேன், பசித்தால் தின்னுமென்று நினைத்தேன். பூனை அப்படி இல்லை, பிடிக்காததைத் தின்பதைவிடப் பட்டினியே கிடக்கும். மூன்றாம் நாள் ஒரு மூலையில் சுருண்டு படுத்துவிட்டாள், நாலாம் நாள் காதின் உட்பக்கம் மஞ்சளாக இருந்தது. கழுத்தில் குழாய் வைத்து ஐந்து வாரம் நானே ஊசி மருந்துக் குழலில் கரைத்து ஊட்டினேன், இரவு இரண்டு மணிக்கும் எழுந்து. பிழைத்துவிட்டாள். இன்றைக்கும் அவள் ஒரு வேளை கிண்ணத்தை முகர்ந்துவிட்டு நகர்ந்தால் எனக்குப் பதறும்.

பழையதில் கால்பங்கு புதியதைக் கலந்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கூட்டி, பத்து நாளில் மாற்றுங்கள். ஒரு நாள் முழுக்க எதுவும் தின்னவில்லை என்றால் பழையதையே கொடுத்துவிட்டு டாக்டருக்கு ஃபோன் செய்யுங்கள்.

---

மாடிப்படி_மியாவ் எழுதியது:

இரண்டு பூனை விஷயத்தை யாரும் சொல்லவில்லை. கிட்டன் ஃபுட்டில் கொழுப்பு அதிகம், கருப்பன் அதைத் தின்னும் வரை மற்றக் கணக்கெல்லாம் வீண். கிண்ணத்தை எப்போதும் நிரப்பி வைக்கும் பழக்கத்தை இருவருக்குமே விடுங்கள். நாலு வேளை, வேளைக்கு இருபது நிமிடம், தனித்தனி அறை, கதவு சாத்தி, மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் என்றால் ஓர் அட்டைப் பெட்டியில் செம்பி மட்டும் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, அவள் கிண்ணத்தை உள்ளே வைக்கலாம், நாங்கள் அப்படித்தான் சமாளித்தோம்.

இருபது கிராம் டிரையைக் கிண்ணத்தில் போடாதீர்கள். முட்டை அட்டையின் குழிகளில் இரண்டிரண்டாகப் போட்டு வையுங்கள், காலால் தோண்டி எடுத்துத் தின்னட்டும், அரை மணி நேரம் ஓடிவிடும். விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பினால் எழுந்து சாப்பாடு கொடுக்காதீர்கள், ஒரு நாள் கொடுத்தால் தினமும் எழுப்புவான். இராத் தூங்கப் போகும் முன் ஒரு பவுச்சில் பாதியை மிச்சம் வைத்திருந்து கொடுங்கள்.

---

கால்நடை_வாசுகி எழுதியது:

மீனைப் பற்றி எழுத விட்டுப்போயிற்று. உப்பு, மசாலா, வெங்காயம் இல்லாமல் வேகவைத்த சதையைக் கொடுக்கலாம், ஆனால் நாள் கணக்கில் பத்து சதவீதத்துக்குள், அதாவது 19 கலோரி. கோழி நெஞ்சுக்கறி என்றால் வெந்த பிறகு 12 கிராம், ஒரு விரல் நீளத் துண்டு. அதை அம்மா கையாலேயே தினமும் கொடுக்கட்டும், பாலை நிறுத்தச் சொன்னால் அவருக்கும் வருத்தமாக இருக்கும் இல்லையா. மீன் தலையை முள்ளோடு கொடுக்க வேண்டாம், தொண்டையில் சிக்கும். அவன் கேட்பது எல்லாமே பசியால் அல்ல, பாதி நேரம் உங்களோடு விளையாடக் கேட்கிறான். ஒரு கயிற்றை இழுத்துக்கொண்டு பத்து நிமிடம் வீட்டுக்குள் நடங்கள்.

---

கருப்பன்வீடு எழுதியது:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி, ரோஜா அக்கா, உங்கள் பதிவைப் படித்த அன்று இரவு அம்மாவிடமும் வாசித்துக் காட்டினேன். ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை இல்லை.

எழுதிப் பார்த்த முதல் வாரத்தில் ஒரு நாளுக்கு 340 கலோரிக்கு மேல் போயிருக்கிறது, செம்பியிடம் திருடியதைச் சேர்க்காமல். அதனால் ஒரேயடியாக 190க்கு இறங்காமல் மூன்று கட்டமாக இறக்கினோம். இப்போது இரண்டு பவுச், 18 கிராம் டிரை, அம்மா கையால் ஒரு துண்டு கோழி. முதல் பத்து நாள் கத்தித் தீர்த்தான், பக்கத்து வீட்டில் வந்து என்ன ஆயிற்று என்று கேட்கும் அளவுக்கு. அம்மா இரண்டு முறை அழுதுவிட்டார். அதற்கப்புறம் அடங்கிவிட்டான், முட்டை அட்டை அவனுக்குப் பிடித்திருக்கிறது.

வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை கூடையில் வைத்துக் கீழே மளிகைக் கடைத் தராசில் எடை போடுகிறோம், கடைக்கார அண்ணனே கூடை எடையைக் கழித்துச் சொல்லிவிடுகிறார். இந்த வாரம் 6.42.

நேற்று பகலில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறி, அங்கிருந்து தானாகவே ஜன்னல் திண்டுக்குத் தாவியிருக்கிறான். அம்மா அதைச் சொல்ல ஆபீஸுக்கே ஃபோன் செய்துவிட்டார்.