கையால் கண்ணாடி தேய்த்து சனி வளையம் பார்க்க முடியுமா? எட்டாவது படிக்கும் பிள்ளைக்காகக் கேட்கிறேன்

மொட்டைமாடி:
அக்கா மகள், எட்டாவது படிக்கிறாள். சொந்தமாகத் தொலைநோக்கி செய்து சனி வளையம் பார்ப்பேன் என்று சின்ன வயசிலிருந்தே ஒரே பேச்சு. வீட்டில் கேலி: "கண்ணாடியைத் தேய்ச்சா கண்ணாடிப் பொடிதான் வரும்." அவளோ 6 அங்குலக் கண்ணாடிதான் வேண்டும் என்று நிற்கிறாள். வீட்டில் நடக்கிற காரியமா? எங்கே சொதப்பும்?

கார்போரண்டம்:
தாராளமாக நடக்கும். காசு மிச்சமாகும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள், அந்த விஷயத்தில் வீட்டார் சொல்வது சரிதான்.

தொலைநோக்கியின் பெரிய குழிக் கண்ணாடியைத்தான் நீங்கள் தேய்க்கப் போகிறீர்கள். 150 மி.மீ. விட்டம், 25 மி.மீ. தடிமன், குவியத்தூரம் 1200 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது எஃப்/8 (குவியத்தூரம் விட்டத்தைப் போல எட்டு மடங்கு). இந்த அளவில் சுத்தமான கோளப் பரப்பே ஓரளவு போதும், பரவளையமாக மாற்றும் தலைவலி இல்லை. குட்டையான குழாய்க்கு ஆசைப்பட்டு எஃப்/5-க்குப் போனால் முதல் கண்ணாடி பாதியில் பரணுக்குப் போய்விடும்.

அடியில் அதே விட்டத்தில் ஒரு தேய்ப்புத் தட்டு. பிளாஸ்டர் வட்டின் மேல் டைல்ஸ் துண்டுகளை எபாக்ஸியால் ஒட்டினால் போதும். 80-ஆம் நம்பர் கார்போரண்டம் பொடி (தேய்க்கிற கரடுமுரடான பொடி) அரை ஸ்பூன், சில சொட்டுத் தண்ணீர், மேலே கண்ணாடி. நறநறவென்ற சத்தம் குறைந்தால் பொடி செத்துவிட்டது, புதிதாகப் போடுங்கள். நடுவில் 1.17 மி.மீ. குழி விழ வேண்டும். விட்டத்தின் குறுக்கே ஸ்டீல் ஸ்கேல் வைத்து ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளக்கலாம். பிறகு 120, 220, 320, 500 என்று படிப்படியாக நைசான பொடிக்குப் போங்கள்.

சொதப்புவது பெரும்பாலும் மூன்று இடங்களில். ஒன்று, பழைய பொடியின் ஒரு துகள் அடுத்த கட்டத்துக்குள் வந்துவிடும். கை, நகம், வாளி, மேசைத் துணி எல்லாம் கழுவித்தான் நம்பர் மாற்ற வேண்டும். இரண்டு, விளிம்பை 2 மி.மீ. சரிவாகச் சாணைக்கல்லில் மழுக்காமல் விட்டால் சில்லு தெறித்து நடுவில் கோடு போடும். மூன்று, ஒரே பக்கம் நின்று தேய்ப்பது. ஒரு டிரம்மில் தண்ணீர் நிரப்பி அதன் மேல் தட்டைப் பதித்து, பிள்ளை அதைச் சுற்றி நடந்தபடி, கண்ணாடியையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தேய்க்கட்டும். இல்லையென்றால் நட்சத்திரம் புள்ளியாகத் தெரியாது, கோடாக இழுபடும். பொடி எப்போதும் ஈரமாக இருக்கட்டும், உலர்ந்த தூசி நுரையீரலுக்கு ஆகாது.

கீல்கட்டி:
மேலே சொன்னது சரி, ஆனால் பாலிஷ்தான் ஆளைச் சோதிக்கும். பிட்ச் என்ற கீலை உருக்கித் தட்டின் மேல் ஊற்றி, வாய்க்கால் வெட்டி, அதில்தான் பாலிஷ் செய்ய வேண்டும். உருக்கும் வேலை பெரியவர்களுடையது: மின் அடுப்பில், கொதிக்க விடாமல். சென்னை மே மாதத்தில் பிட்ச் இளகி வழிந்து, வெட்டிய வாய்க்கால்கள் மூடிக்கொள்ளும். அப்படியே சீரியம் ஆக்சைடு (பாலிஷ் பொடி) போட்டுத் தேய்த்தால் விளிம்பு கீழே வளைந்துவிடும். அதிகாலையில் செய்யுங்கள், தேய்க்கும் வீச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள், விளிம்பில் அழுத்தாதீர்கள்.

சோதனை இல்லாமல் எதையும் நம்ப வேண்டாம். கண்ணாடியிலிருந்து 2400 மி.மீ. தூரத்தில், அதாவது குவியத்தூரத்தின் இரு மடங்கில், ஊசித்துளை வெளிச்சத்தை வைத்து, அது திரும்பி வந்து கூடும் இடத்தில் பிளேடை நகர்த்தி அதன் பின்னாலிருந்து பாருங்கள். பிளேடு ஒளியை வெட்டும்போது கண்ணாடி முழுவதும் ஒரே நேரத்தில் சாம்பலானால் கோளம். விளிம்பில் மட்டும் கீற்று மின்னினால் அது வளைந்த விளிம்பு. கை சூடு போக அரை மணி நேரம் ஆறவிட்ட பிறகே பாருங்கள். கன்சாஸில் பண்ணைப் பையனாக இருந்த கிளைட் டாம்போவின் முதல் கண்ணாடி சுமார்தான். பிறகு காற்று அசையாத இடம் வேண்டும் என்று 24 அடி நீளம், 8 அடி ஆழத்தில் குழியே வெட்டி அதில் சோதித்தார். 1928-இல் செய்த 9 அங்குலக் கருவியில் பார்த்து வரைந்த செவ்வாய், வியாழன் படங்கள்தான் லோவெல் வானாய்வகத்தில் வேலை வாங்கித் தந்தன. 1930 பிப்ரவரி 18-இல் புளூட்டோவைக் கண்டது அங்கேதான். உங்களுக்குக் குழி வேண்டாம், மின்விசிறியை நிறுத்திய ஹால் போதும்.

மொட்டைமாடி:
நன்றி. பாலிஷ் முடிந்தாலும் அலுமினியப் பூச்சுக்கு அனுப்பித் திரும்பி வரும்வரை "என்னாச்சு உன் டெலஸ்கோப்?" என்று கேட்டே மனசை உடைத்துவிடுவார்கள்.

கார்போரண்டம்:
பூச்சுக்கு முன்பே குழாயில் மாட்டுங்கள். வெறும் கண்ணாடியே 4 சதவீத ஒளியைத் திருப்பும். 150 மி.மீ. கண்ணாடி 30 மி.மீ. அளவுக்குத்தான் வெளிச்சம் சேர்க்கும், ஆனால் நுணுக்கம் 150-க்கு உரியதே. நிலாவுக்கு அது தாராளம், கண்ணும் கூசாது. 25 மி.மீ. ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) 48 மடங்கு பெரிதாகத் தெரியும். வளர்பிறையில் நிலா பாதியாகத் தெரியும் அன்று இருட்டு-வெளிச்ச எல்லையில் பள்ளங்களைக் கேலி செய்தவர்களுக்கே காட்டச் சொல்லுங்கள். சனியும் தெரியும், மங்கலாக. சூரியன் பக்கம் மட்டும் எந்த நிலையிலும் திருப்பக் கூடாது.

குழாய்க்கு 180 மி.மீ. பிவிசி, உள்ளே பளபளப்பில்லாத கறுப்பு. நடுவில் சாய்ந்து நிற்கும் சின்னக் கண்ணாடியை மட்டும் பூச்சு உள்ளதாகக் கடையில் வாங்கிவிடுங்கள். அதுவும் வெறும் கண்ணாடியானால் மிஞ்சுவது மிகக் கொஞ்சம், சனியைத் தேடியே அலுத்துவிடும்.