நீங்களே தேச்ச டெலஸ்கோப் கண்ணாடி, இன்னும் மனசுல நிக்கிற ராத்திரி: சொல்லுங்க

ஆம்பூர்வாசி:
2018 மே, ஜவ்வாது மலையில காவலூருக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு தோட்டம். என்னோடது 8 இன்ச் எஃப்5 (குவியத்தூரம் கண்ணாடி விட்டத்தைப் போல அஞ்சு மடங்கு), மொட்டை மாடியில டிரம்மைச் சுத்திச் சுத்தி நடந்து மூணு மாசம் தேச்சது. பக்கத்துல ஒரு ரிட்டயர்டு வாத்தியார், 6 இன்ச் எஃப்8, பிவிசி பைப்புதான் டியூப். சனி நல்லா மேல வந்தப்போ மணி ஒண்ணரை, ரெண்டுலயும் 200 மடங்கு கிட்ட வச்சிருந்தோம். அவரோடதுல காசினி இடைவெளி, அதான் சனி வளையத்துக்கு நடுவுல இருக்குற கறுப்புச் சந்து, பென்சில் கோடு மாதிரி வளையத்தோட ரெண்டு ஓரத்துலயும் நிக்குது, என்னோடதுல ஈரத்தாள்ல ஊறின மை. என் பொண்ணு ரெண்டையும் பாத்தா, ஒண்ணும் சொல்லல, திரும்பப் போய் தாத்தா வரிசையில நின்னுட்டா. அதுதான் இன்னும் குத்துது. என் செகண்டரி (டியூப் வாய்ப்பக்கம் ஒளியைத் திருப்புற சின்னக் கண்ணாடி) 50 மி.மீ, விட்டத்துல கால்வாசி, அவருக்கு அஞ்சுல ஒண்ணுதான். கான்ட்ராஸ்ட் அங்கதான் போயிருக்கணும்.

கோவை கார்பரண்டம்:
செகண்டரி மேல பழி போடாதீங்க சார். கால்வாசி விட்டம்னா பரப்புல 6 சதவீதம் சொச்சம், அதுக்குக் கோடே அழியாது. எஃப்5ல கோமா (நட்சத்திரம் வால் முளைச்ச மாதிரி இழுபடுறது) இல்லாத இடம் நடுவுல 3 மி.மீக்கும் கம்மி, எஃப்8ல 11 மி.மீ. மலைப்பாதையில கார்ல குலுங்கி வந்த கண்ணாடியை இறக்கினதும் கொலிமேஷன், அதாவது ரெண்டு கண்ணாடியும் ஒரே நேருக்கு நிக்குதான்னு, பாத்தீங்களா? இன்னொண்ணு, 6 இன்ச் எஃப்8ஐ வெறும் கோளமா விட்டாலும் பிழை ஒளியோட அலைநீளத்துல கால்வாசி, கால் அலை கிட்டதான், அது மன்னிச்சிடும். 8 இன்ச் எஃப்5 கோளமா நின்னா ஒரு அலைக்கு மேல போயிடும், பேரபோலா (கோளத்தைவிட நடுவுல கொஞ்சம் ஆழமான வளைவு) முழுசா வந்தே ஆகணும். ஃபூக்கோ டெஸ்ட்ல (கத்தி முனையால ஒளியை வெட்டி வளைவைப் பாக்குறது) நிழலைக் கண்ணால பாத்து "வந்துடுச்சு"ன்னு நிறுத்தினா போதாது, வளையம் வளையமா அளந்து எழுதணும். கண்ணாடி நடுவுல பொட்டு வைங்க, ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை ஃபோகஸுக்கு உள்ளயும் வெளியயும் பாருங்க, ரெண்டு பக்கமும் வளையம் ஒரே மாதிரி இருக்கணும், ஒரு பக்கம் ஓரம் மயிர் முளைச்ச மாதிரி தெரிஞ்சா விளிம்பு சரிஞ்சிருக்கு. நான் அப்படி ஒண்ணை ரெண்டு தடவை திரும்ப பிட்ச்ல (பாலிஷ் பண்ற கீல்) போட்டேன்.

சாத்தூரான்:
கோவை அண்ணே சொல்றது சரிதான், ஆனா முதல் கேள்வி அது இல்ல. கண்ணாடி ஆறிச்சா? எனக்கும் இதே கதை, 25 மி.மீ தடிமன், பகல் பூரா வண்டிக்குள்ள வெந்துட்டு வந்துச்சு, வியாழன் தண்ணிக்குள்ள கெடக்குற காசு மாதிரி நெளிஞ்சுச்சு. பழைய கம்ப்யூட்டர் ஃபேனைப் பின்னாடி கட்டினேன், முக்கால் மணி நேரம் கழிச்சுப் பாத்தா வியாழனோட மேகப்பட்டை ரெண்டும் ஓரம் வெட்டின மாதிரி. அப்போ வாய்விட்டுக் கத்திட்டேன்.

நாகர்கோவில் அக்கா:
எல்லாரும் எஃப்8 பக்கமே சாயுறீங்க, என்னோடது 8 இன்ச் எஃப்8. டியூப் அஞ்சடிக்கு மேல, பஸ்ல ஏத்த முடியாது, காத்தடிச்சா ஆடும். ஓரியன் நெபுலா தலைக்கு மேல நின்ன ராத்திரி எங்க பாட்டியைக் கூட்டிட்டு வந்தேன், கண் வச்சுப் பாக்குற ஐபீஸ் எட்டல. ஸ்டூல்ல ஏத்திப் பிடிச்சேன், கால் நடுங்கி "வேண்டாம்மா, நீ பாத்துச் சொல்லு"ன்னு இறங்கிட்டா. நான் சொன்னேன், பாட்டி வானத்தைப் பாக்காம என் முகத்தையே பாத்துட்டு நின்னா. அடுத்த வருஷம் பாட்டி இல்ல. தம்பி, உங்க எஃப்5ல உங்க பொண்ணு தரையில நின்னே பாத்தா இல்ல?

ஆம்பூர்வாசி:
ஆமா அக்கா, தரையில நின்னுதான் பாத்தா. கொலிமேஷன் அன்னிக்கு சாயங்காலமே பாத்தேன் கோவை சார், ஆனா நட்சத்திரத்துல டெஸ்ட் பண்ணல, அது என் தப்பு. நேத்து பண்ணினேன், வெளிப்பக்கம் தெளிவு, உள்பக்கம் ஓரத்துல நீங்க சொன்ன அதே மயிர். கறுப்பு அட்டையில வளையம் வெட்டி விளிம்புல 4 மி.மீ மறைச்சிருக்கேன். சாத்தூர் தம்பி, ஃபேன் நேரா பின்னாடியா, பக்கவாட்டுலயா? ரப்பர்ல தொங்க விட்டீங்களா?