கார் மோதிய சைக்கிளுக்குச் சேத அறிக்கை எழுதத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். சின்னதாக ஒரு சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர் ஒருவரைக் கார் இடித்து, இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கிறார். 'அவர்தான் திடீரென்று குறுக்கே திரும்பினார்' என்கிறார் ஓட்டுநர். எனக்கு நம்பிக்கையில்லை. பின் ரிம் கோட்டம் எடுக்கவே முடியாதபடி மடங்கிக் கிடக்கிறது, பின் மட்கார்டில் காரின் வெள்ளைப் பெயிண்ட் ஒட்டியிருக்கிறது, பக்கவாட்டில் ஒரு கீறல்கூட இல்லை. பின்னாலிருந்துதான் இடித்திருக்க வேண்டும்.

துடைக்காமல், கழற்றாமல் அப்படியே மாட்டி வைத்திருக்கிறேன். (ரிப்பேர் செய்யச் சொன்னார்கள், நல்லவேளை தொடவில்லை.) வக்கீல் இதையெல்லாம் எழுத்தில் கேட்கிறார். பஞ்சர் ஒட்டுகிறவன் பேச்சு எடுபடுமா என்று தயக்கம்.

இப்படி அறிக்கை கொடுத்தவர்கள் இருக்கிறீர்களா? ஃபிரேம் நம்பர், அளவுகோல் வைத்து எடுத்த படங்கள் தவிர வேறென்ன சேர்க்கணும்? அப்புறம், காப்பீட்டு ஆள் வந்து வண்டியைக் கேட்டால் கொடுக்கலாமா?