கேர் ஹோம்ல (வயசானவங்கள பாத்துக்கற இல்லம்) வேலை பாத்தவங்களுக்கு கொரோனா நேரத்துல என்ன தகவல் கிடைச்சுது, என்ன கிடைக்கல? சொல்லுங்க

நான் இங்கிலாந்துல ஒரு நர்சிங் ஹோம்ல நர்ஸ். எல்லாரும் மாஸ்க் இல்ல, ஏப்ரன் இல்லன்னு பேசுறாங்க, அதுவும் உண்மைதான், ஆனா எங்களுக்கு அத விட பெரிய தலைவலி எந்த பேப்பர நம்புறதுங்கறதுதான். 2020 பிப்ரவரி 25 பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்துங்கற அரசாங்க சுகாதார அமைப்பு போட்ட கைடன்ஸ்ல கேர் ஹோம்ல இருக்கறவங்களுக்கு தொத்துறதுக்கு வாய்ப்பு ரொம்ப கம்மின்னு இருந்துச்சு, மார்ச் 13 அத எடுத்துட்டாங்க. மார்ச் 17 ஆஸ்பத்திரி பெட்ட காலி பண்ணுங்கன்னு என்எச்எஸ் (அரசாங்க ஆஸ்பத்திரிகள நடத்துற அமைப்பு) லெட்டர், ஏப்ரல் நடுவுக்குள்ள கிட்டத்தட்ட 25,000 பேர கேர் ஹோமுக்கு அனுப்பிட்டாங்க. ஏப்ரல் 2 வந்த கைடன்ஸ்ல சேக்கறதுக்கு முன்னாடி நெகட்டிவ் டெஸ்ட் வேணாம்னே எழுதியிருந்துச்சு!

ஆம்புலன்ஸ்ல ஒரு தாத்தா வந்து இறங்குவாரு, கூட டிஸ்சார்ஜ் சம்மரி வரும், அதுல மாத்திரை லிஸ்ட் பக்கம் பக்கமா இருக்கும், ஆனா அவர் இருந்த வார்டுல கோவிட் கேஸ் இருந்துச்சான்னு ஒரு வரி இருக்காது. போன் அடிச்சா, நான் இப்பதான் ட்யூட்டிக்கு வந்தேன் தெரியாதும்பாங்க. அந்த ஒரு வரி இருந்தா டைனிங் ஹாலுக்கு விடலாமா தனி ரூமான்னு நானே முடிவு பண்ணிருப்பேன். 2022 ஏப்ரல்ல ஹை கோர்ட்டும் சொல்லிச்சு, அறிகுறி இல்லாதவங்ககிட்டருந்தும் பரவும்ங்கற ஆபத்த யோசிக்காம அனுப்பச் சொன்ன அரசாங்க கொள்கை சட்டத்துக்கு விரோதம்னு.

*

அக்கா, நானும் அந்த நேரம் லண்டனில கெயாரர்தான், ஹோமில இருக்கிற ஆக்களைப் பராமரிக்கிற வேலை. போஸ்டரில காய்ச்சல், தொடர் இருமல், அவ்வளவுதான். எங்கட ஹோமில ஒரு வயசுபோன அம்மாவுக்கு ரெண்டும் இல்லை, காலமை தேத்தண்ணி வேண்டாம் எண்டுட்டா, பின்னேரம் ஆளே மாறிக் கதைக்கத் தொடங்கிட்டா, சரி டிமென்ஷியா கூடீட்டுது எண்டு எழுதி வச்சினம். பிறகுதான் தெரியும், வயசான ஆக்களுக்கு சாப்பாடு மறுக்கிறது, விழுறது, வயித்தால போறது எண்டும் இது வரும். மணம் தெரியாமப் போறதைக் கூட மே 18தான் அறிகுறியில சேர்த்தவை.

மற்றது, ஈமெயில் எல்லாம் மனேஜருக்குத்தான் வரும், எங்களுக்கு பிரிண்ட் எடுத்து ஸ்டாப் ரூம் சுவரில ஒட்டுவினம், ஆனா பழசைக் கழட்ட மாட்டினம். ஒண்டில ஆளுக்கு ஆள் மாஸ்க் மாத்து எண்டு கிடக்கு, பக்கத்தில இருக்கிறதில பிரேக் வரைக்கும் ஒண்டே போதும் எண்டு கிடக்கு. நைட் ஷிப்டில ஆரைக் கேக்கிறது? தமிழ் கெயாரர்மாரின்ர வாட்ஸ்அப் குரூப்தான் கதி, அதில கொத்தமல்லி அவிச்சுக் குடியுங்கோ எண்ட வொய்ஸ் நோட்டுகளைத் தள்ளித் தள்ளி உருப்படியானதைத் தேடி எடுக்கவேணும்.

*

நான் ஏஜென்சி ஸ்டாப், ஆள் பத்தாத ஹோமுக்கு ஏஜென்சி அனுப்புற ஆளு, அதனால என் கதை வேற. இன்னைக்கு ஒரு ஹோம், நாளைக்கு வேற ஹோம், எந்த ஹோம்ல அவுட்பிரேக்னு போய் கதவ தொறந்தாதான் தெரியும், ஏன்னா முன்னாடியே சொன்னா யாரும் ஷிப்ட் எடுக்க மாட்டாங்கல்ல. ஏப்ரல் 28தான் அறிகுறி இல்லாத ஸ்டாப்புக்கும் டெஸ்ட்னு அறிவிச்சாங்க. எங்களுக்குள்ள பேச்சு வைரஸ பத்தியே இல்ல, பாசிட்டிவ் வந்தா சம்பளம் உண்டா இல்லயா அதான். அப்ப சட்டப்படி கிடைச்ச சிக் பே (நோய் லீவு சம்பளம்) வாரத்துக்கு 95.85 பவுண்ட், ரூம் வாடகைக்கே பத்தல. மே மாசம் 600 மில்லியன் பவுண்ட் ஃபண்ட், தனிமைல இருக்கற ஸ்டாப்புக்கு முழு சம்பளம் குடுக்கலாம்னு நியூஸ் வந்துச்சு, ஹோம்ல கேட்டா ஏஜென்சிய கேளுங்கறாங்க, ஏஜென்சில கேட்டா ஹோம்ல கேளுங்கறாங்க. இங்க யாராச்சும் ஏஜென்சி ஆளு அந்த காச கண்ணால பாத்தீங்களா?