கடல்ல நீந்துறப்ப வேகம் ஏன் இவ்ளோ குறையுது?

கேள்வி: 25 மீட்டர் பூல்ல 1500 மீட்டர் 30 நிமிஷத்துல முடிச்சிடுவேன், நேத்து கடல்ல வாட்ச் 1500 காட்டுறப்ப 37 நிமிஷம் ஆயிடுச்சு, பெருசா மூச்சுகூட வாங்கல, எங்க தப்பு பண்றேன்?

பதில் 1: தப்பே இல்லங்க. பூல்ல 1500க்கு 59 தடவ திரும்புறீங்க, ஒவ்வொரு தடவையும் சுவத்த உதைச்சு சறுக்குறீங்கல்ல, அது கடல்ல சுத்தமா கிடையாது.

பதில் 2: அதோட தல தூக்கி வழி காட்டுற மிதவைய பாக்குறப்போ இடுப்பு கீழ இறங்கிடும், வேகம் அங்கயே போச்சு. பூல்ல மாதிரி நேரா போக அடியில கருப்புக் கோடும் இல்ல, கோணலாதான் போவோம். கை தண்ணிக்குள்ள போறப்பல்லாம் ஜிபிஎஸ் சிக்னல் விட்டுடும், அதனால வாட்ச் சொல்ற தூரத்த அப்படியே நம்பாதீங்க, நான் தொப்பிக்குள்ள பின்மண்டைல வாட்ச வச்சு நீந்துறேன், பரவால்ல.

பதில் 3: நீரோட்டத்த விட்டுட்டீங்களே! போறதுக்கும் வர்றதுக்கும் தனித்தனியா டைம் எடுங்க, எதிர்ல போறப்ப இழக்குற நேரம் திரும்பி வர்றப்ப முழுசா கிடைக்காது.